பதினேழாவது பூ

மாலை ஐந்தே முக்கால் ஆனால் என் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பை காலி என்று எனக்குத் தெரியும்; கைக்குத் தெரியாது. முப்பது வருடப் பழக்கம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நான் தலையாட்டினேன். கையை யாரும் கேட்கவில்லை.

எனக்குச் சும்மா உட்காரவும் வராது. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில், இயந்திரப் பிரிவில், நின்றே வேலை பார்த்தவன் நான். ஆறு வாரம் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். முதல் வாரத்திலேயே வீட்டிலிருந்த மூன்று மின்விசிறிகளையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒழுகாத குழாய் ஒன்றைச் சரிசெய்யப் போய், அது ஒழுக ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன், எதற்குத் திறந்தேன் என்று யோசிக்க மறுபடி திறப்பேன். என் மகள் ஐ.டி.யில் இருக்கிறாள், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அவள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் பின்னால் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருப்பேன். அவளுடைய மேலாளர் ஒருநாள், வீட்டில் யாரையாவது தேடுகிறார்களா என்று கேட்டாராம்.

என் மனைவி நர்ஸ். நர்ஸை ஏமாற்றுவது கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒன்றும் கஷ்டமில்லை, நான் இரண்டு முறை ஏமாற்றியிருக்கிறேன். முதல் முறை, விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு எட்டு மாதம் கம்பெனி கேட்டுக்கு வெளியே மட்டும் பிடித்தேன். இரண்டாவது முறை பைபிள் மேல் கையை வைத்துச் சொன்னேன். அப்புறம் கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு முறையும் அவளே கண்டுபிடித்தாள், சண்டை போட்டாள், அழுதாள், மன்னித்தாள். ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் பேசுகிற அந்த அமைதியான குரலில் சொன்னாள்.

"இனிமே நான் மோந்து பாக்க மாட்டேன், பையைத் தடவ மாட்டேன். பிடிச்சீங்களான்னு கேக்கவும் மாட்டேன். எனக்குத் தெம்பு இல்ல. பிடிச்சா நீங்களா வந்து சொல்லணும். சொல்லலைன்னா, அப்புறம் நமக்குள்ள பேச ஒண்ணும் இல்ல."

சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் விட்டுப் போகிறவள் அல்ல. சமைப்பாள், மாத்திரை எடுத்து வைப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள். வார்டில் இருபது பேருக்குச் செய்வதை இருபத்தோராவது ஆளாக எனக்கும் செய்வாள். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. இதயம் நின்றுபோவதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆகவே கைக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். ஊரடங்கு சமயத்தில் மகள் ஆன்லைனில் வாங்கிய எம்ப்ராய்டரி பெட்டி ஒன்று அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. மர வளையம், ஊசிகள், பல நிற நூல்கள், ஒரு துணியில் ஒன்றரைப் பூ. அவளுடைய பொறுமை அந்த ஒன்றரைப் பூவோடு தீர்ந்துபோயிருந்தது. ஒரு சாயங்காலம், சரியாக ஐந்தே முக்காலுக்கு, அதை இறக்கித் தூசி தட்டினேன். பூவேலைமேல் எனக்கு ஆசையெல்லாம் கிடையாது. அதில் இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும், அதற்காகத்தான் எடுத்தேன். இடது கை வளையத்தைப் பிடிக்க வேண்டும், வலது கை ஊசியைப் பிடிக்க வேண்டும், சட்டைப்பைக்குப் போக மூன்றாவது கை இல்லை.

போனில் ஒரு பெண் கன்னடத்தில் சொல்லித் தருகிற வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நிமிடத்துக்கு ஒரு முறை "நிதானவாகி, நிதானவாகி" என்பாள். அவள் நிதானம் என்று சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் ஏறும். ஆறு இழை சேர்ந்த நூலில் இரண்டு இழையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஒன்று ஒன்றாக இழுத்தால் வரும். நான் இரண்டையும் சேர்த்து இழுப்பேன், அது பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஓட்டுத் தையல் போட்டால் என் கோடு குடித்தவன் நடையாகப் போயிற்று. காம்புத் தையல் பரவாயில்லை. சங்கிலித் தையல் எனக்குப் பிடித்தது, வேகமாக வளரும். ஆனால் கடைசிக் கண்ணியைக் கட்டாமல் விட்டால், நூலை ஒரு இழு இழுத்ததும் ஒரு மணி நேர வேலை கையோடு வந்துவிடும். அப்படி வந்த அன்று வளையத்தைத் தூக்கி எறிந்தேன். அது துணி ஊறிக்கொண்டிருந்த வாளியில் போய் விழுந்தது. பிரெஞ்சு நாட் என்று ஒரு முடிச்சு இருக்கிறது, பூவின் நடுவில் வைப்பது. ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இறக்க வேண்டும். அதே ஓட்டையில் இறக்கினால் முடிச்சு மறுபக்கம் ஓடிவிடும். என் முதல் நாற்பது முடிச்சுகளும் மறுபக்கம்தான் இருந்தன.

இன்னொரு தொல்லையும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் ஊசி வேலை செய்யக் கூடாது போலிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு சொட்டு வரும் இடத்தில் எனக்கு நிற்காமல் வரும். வெள்ளைத் துணியெல்லாம் சிவப்புப் புள்ளி. முதல் தடவை நான் பதறிப்போய்ச் சோப்பைத் தேடினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, தன் ரத்தக் கறை தன் எச்சிலுக்குத்தான் போகும், நர்சிங் ஹாஸ்டலில் எல்லோரும் அப்படித்தான் எடுப்பார்கள் என்றாள். எச்சிலைத் தொட்டுத் தேய்த்தேன், போய்விட்டது. ஸ்டென்டுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த ஹாஸ்டலில் அவளும் தலையணை உறைகளுக்குப் பூப் போட்டிருக்கிறாளாம், எனக்கு அதுவரை தெரியாது. அங்கே வார்டனாக இருந்த சிஸ்டர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாராம். துணியை வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து மார்க் போடுவாராம். மனைவிக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. டூட்டி முடிந்து வந்ததும் என் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பாள். இங்கே நூல் தாண்டியிருக்கிறது, இங்கே முடிச்சு தொங்குகிறது, இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது என்பாள். கடைசியாகச் சொன்னது எப்போதும் சரியாக இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் ஒழுங்காகத் தைக்கவே ஆரம்பித்தேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு பயிற்சித் துணியைக் கம்பெனி பஸ்ஸில் எடுத்துப் போனேன். முதல் நாள் பஸ் முழுக்க அமைதி. இரண்டாம் நாள், சீமந்தம் யாருக்கு சார், உங்களுக்கா என்று கன்னடத்தில் ஒருவன் ஆரம்பித்தான். ஒரு வாரம் ஓட்டினார்கள். அப்புறம் அதே ஆள் தன் யூனிஃபார்ம் பையில் பெயரைச் சங்கிலித் தையலில் போட்டுத் தர முடியுமா என்று வந்து நின்றான். டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே புகைக்கப் போகிற கூட்டம் போகும்போது நான் நூல் கோத்துக்கொண்டிருப்பேன். வாசனை உள்ளே வரும். நூல் ஊசிக்குள் போகாது.

இதற்கிடையில் மகளுக்குச் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொள்ளேகாலிலிருந்து வருகிறார்கள், நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டிலேயே. ஹாலில் ஒரு மேஜை போட்டு அதன்மேல் பைபிளும் மோதிரங்களும் வைத்து ஃபாதர் ஜெபம் செய்வார். அந்த மேஜைக்கு விரிப்பை நான்தான் போட்டுத் தர வேண்டும் என்று மகள் சொன்னாள். சிவராம்பேட்டையில் நல்ல வெள்ளைக் காட்டன் வாங்கினேன். மூலைக்கு நான்காகப் பதினாறு நீலப் பூக்கள். நடுவில் மஞ்சள் முடிச்சு, பச்சைக் காம்பு. இரண்டு மாதம் இருந்தது. இரண்டு மாதமும் பிடிக்காமல் இருந்துவிட்டால், பதினாறு பூவும் முடிந்துவிட்டால், அதற்கப்புறம் விட்டவன்தான் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது பூவில் நீல நூல் தீர்ந்தது. அது ஒரு சனிக்கிழமை. மனைவி டூட்டியில் இருந்தாள், மகள் சிநேகிதிகளோடு புடவை எடுக்கப் போயிருந்தாள். நூல் சுற்றின் நம்பர் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், அதே நம்பர் கிடைத்தது. கஷ்டம் வந்து பிடித்தேன் என்றால் அதிலாவது ஒரு மரியாதை இருக்கும். நான் சந்தோஷமாக இருந்தேன். அன்று காலை போட்ட பூ அச்சில் வார்த்த மாதிரி வந்திருந்தது. நூலும் கிடைத்துவிட்டது. பஸ் நிறுத்தத்தின் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரே ஒரு சிகரெட் வாங்கி, நூல் சுற்றுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாடியில் வெளிச்சம் நன்றாக இருக்கும். மதியம் மூன்று மணிக்கு அங்கே நாற்காலியைப் போட்டு விரிப்பை மடியில் பரப்பிக்கொண்டு பதின்மூன்றாவது பூவை ஆரம்பித்தேன். சிகரெட்டைப் பற்றவைத்தேன். இடது கையில் வளையம், வலது கையில் ஊசி, சிகரெட் உதட்டில். இரண்டு கைக்கும் வேலை கொடுத்த புத்திசாலி வாயை மறந்துவிட்டான். ஊசி அடியிலிருந்து மேலே வருகிற இடத்தைப் பார்க்கத் தலையைக் குனிந்தேன். நெருப்பு விழுந்தது. தட்டிவிட வேண்டுமென்றால் கை வேண்டும். வளையத்தை விட்டு, ஊசியை விட்டு, தட்டிவிடுவதற்குள் துணியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் பழுப்பு. மூலையில் விழுந்திருந்தாலும் ஒரு பூவுக்குள் போயிருக்கும். ஒரு பக்கத்து ஓரத்தின் நட்ட நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் விழுந்திருந்தது.

முதலில் அழுகை வந்தது. அப்புறம் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது, அது அழுகையைவிட மோசம். அடியில் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து நாலு தையல் போட்டேன். மேலே ஒரு பூ வரைந்தேன். இதழ்களை நெருக்கமாக நிரப்பினேன், நடுவில் மூன்று மஞ்சள் முடிச்சு. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நான் போட்டதிலேயே அழகான பூ அதுதான். குளித்தேன், சட்டையைத் துவைத்துப் போட்டேன். மனைவி ஆறு மணிக்கு வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள், மோந்து பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை, ஆகவே நான் பொய் சொல்லவில்லை என்று எனக்குள் வாதாடிக்கொண்டே இரவுச் சாப்பாட்டை முடித்தேன்.

அடுத்த நாள் மகள் விரிப்பைப் பார்த்தாள். "அப்பா, இதென்ன இங்க மட்டும் ஒண்ணு? ஒரு பக்கம் மட்டும் இருந்தா சென்னாகில்லப்பா, நல்லாவே இல்ல. நாலு பக்கமும் நடுவில ஒண்ணொண்ணு போட்டுடுங்க."

மறுக்க என்னிடம் காரணம் இல்லை. மூலைப் பூக்கள் பதினாறையும் முடித்த பிறகு, அந்தப் பதினேழாவது பூவுக்குத் துணையாக இன்னும் மூன்று பூ போட்டேன். அடியில் எந்த ஓட்டையும் இல்லாத பூக்கள். ஒரு பொய்யைத் தனியாக விட்டால் கண்ணில் படும், வரிசையில் நிறுத்திவிட்டால் டிசைன் ஆகிவிடும் என்று அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டேன். வளையத்தை யாரும் திருப்பிப் பார்க்காதபடி நான் எப்போதும் அதை மடியிலேயே வைத்திருந்தேன். மனைவி கையை நீட்டினால், முழுசாக முடித்துவிட்டுக் காட்டுகிறேன் என்பேன். அவளும் கையை மடக்கிக்கொள்வாள்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது விரிப்பை அலசிக் காய வைத்தேன். இஸ்திரி போட எடுத்தபோது மனைவி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நான் போட்டால் முடிச்சுகளெல்லாம் நசுங்கிவிடுமாம். பூவேலைத் துணிக்கு ஒரு முறை இருக்கிறது: மேஜைமேல் கெட்டித் துவாலையை விரித்து, பூப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து, பின்பக்கத்தில்தான் பெட்டியை ஓட்ட வேண்டும். இது எனக்குத் தெரியாதா, வீடியோவில் அந்தப் பெண் பத்து தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்த நிமிடம்வரை ஞாபகம் வரவில்லை. இருபது பூவின் பின்பக்கமும் அவள் முகத்துக்கு நேரே கிடந்தது.

அவள் ஒவ்வொரு மூலையாக வந்தாள். இங்கே நூல் தாண்டியிருக்கிறது என்றாள். இது சுத்தமாக இருக்கிறது என்றாள். அப்புறம் அந்தப் பக்கத்துக்கு வந்தாள். சின்னத் துண்டு, நாலு தையல், அதைச் சுற்றிப் பழுப்பு வளையம். இஸ்திரிப் பெட்டி நின்றது. தூக்கிப் பிடித்தபடி ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். பெட்டியை இறக்கி மறுபடி ஓட்டினாள். அதற்குப் பிறகு எந்த மூலையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள்.

அன்று இரவு மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு," என்றாள். கோபம் இல்லை. குரல் நன்றாகத்தான் இருந்தது. வார்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்ட அதே குரல்.

அந்த வாரம் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. பந்தல்காரரிடம் இரண்டு முறை ஒரே விஷயத்தைக் கேட்டேன். கம்பெனி பஸ்ஸில் ஊசியை வெறுமனே துணியில் குத்தி எடுத்தேன். அவள் இட்லியா தோசையா என்று கேட்பாள், தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பாள், அதைத் தவிர ஒன்றும் கேட்க மாட்டாள். சமையலறைவரை போவேன், சொல்லத் தொடங்குவேன், உப்பு எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். என் பையைத் தடவுகிறாள் என்று எத்தனை தடவை அவளைத் திட்டியிருக்கிறேன். அந்த வாரம் என் சட்டையை ஒரு தரம் முகர்ந்து பார்க்க மாட்டாளா என்று ஏங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். சனிக்கிழமை காலை விடிந்ததும் விரிப்பை எடுத்து வந்து ஹாலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பிளேடால் பின்பக்கத்திலிருந்து அந்தப் பூவை அறுத்தேன். நெருக்கமாகப் போட்ட தையல், லேசில் வரவில்லை. ஒவ்வொரு இழையாக இழுத்தேன், இரண்டு இடத்தில் விரல் அறுபட்டது. நீலம், மஞ்சள், அடித்துண்டு எல்லாம் போய்க் கடைசியில் ஓட்டை மட்டும் நின்றது. எட்டரைக்கு மனைவி நைட் டூட்டி முடிந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மடியைப் பார்த்துவிட்டாள்.

"பிடிச்சேன்," என்றேன். "மாடியில. நெருப்பு விழுந்துது. அதை மறைக்கத்தான் பூப் போட்டேன்."

அவள் பையை வைத்துவிட்டு உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சின்னக் கத்தரியால் பழுப்பு ஓரத்தை வெட்ட ஆரம்பித்தாள். துவரம்பருப்பு அளவு ஓட்டை கட்டைவிரல் நக அளவு ஆயிற்று. நான் ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"கருகினதை உள்ள வெச்சு மூடினா எந்தப் புண்ணு ஆறும்ங்க?" என்றாள். "பட்டன் காஜா மாதிரி ஓரத்தைச் சுத்திக் கட்டிடுங்க. ஓட்டை ஓட்டையாவே இருக்கட்டும்."

நாளைக்கு இத்தனை பேர் பார்ப்பார்களே என்றேன். பார்க்கட்டும் என்றாள். ஊசியில் வெள்ளை நூலைக் கோத்தாள், நுனியை வெட்டினாள். என்னிடம் தருவாள் என்று கையை நீட்டினேன். தரவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே, இனி கேட்கவே மாட்டேன் என்று சொன்னவள், கேட்டாள்.

"எத்தனை?"

அவள் கேட்டுவிட்டாள், எனக்கு அது போதும்.

"ஒண்ணு," என்றேன்.

அவள் ஊசியை நீட்டவில்லை. இரவு முழுக்க விழித்திருந்த கண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேலே உங்களுக்கும் ஒரே ஒரு சிகரெட் என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுதும்போதும் என் கை அப்படித்தான் போகிறது. பெட்டிக்கடையில் நான் கேட்டது இரண்டு. முதலாவதை அங்கேயே, நிழற்குடைக்குப் பின்னால் நின்று, நாலே இழுப்பில் முடித்துவிட்டேன். அது எதையும் எரிக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, ஆகவே அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு."

ஊசியை என் கையில் கொடுத்தாள்.